கிளாரினெட் ரீடைத் துடிக்க வைப்பது எப்படி: அடுக்குமாடியில் குடியிருக்கும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்தபோது, கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் கதவிடுக்கில் நிர்வாக அலுவலகத்தின் கடிதம் ஒன்று செருகப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் பறவையோ விலங்கோ வளர்க்கப்படுவதாக அண்டை வீட்டார் மூவர் புகார் அளித்திருப்பதாகவும், ஏழு நாள்களுக்குள் அதை அப்புறப்படுத்த வேண்டும் என்றும் அதில் மலாய் மொழியில் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பறவை இல்லை, விலங்கும் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் கிளாரினெட் கற்கத் தொடங்கியிருந்த நான் மட்டும் இருந்தேன்.

கருவி என் மகளுடையது. இடைநிலைப்பள்ளி வாத்தியக் குழுவுக்காக வாங்கியது. அவள் நான்காம் படிவத்தில் பூப்பந்துக்கு மாறியதும் அலமாரியின் மேல் ஏறிவிட்டது. அதை இறக்கியதிலிருந்து ஒரு சுரம் சுரமாகவே வெளிவர எனக்குப் பதினொரு வாரம் பிடித்தது. அதன் வாயில் கட்டும் நாணல் பட்டைகளான ரீடுகளுக்கு மட்டும் 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போனது. அதில் பாதிக்கு மேல் அறியாமைக்குக் கட்டிய அபராதம். முழுக் கருவியையும் இங்கே கற்றுத்தரப் போவதில்லை. அதன் வாயில் கட்டப்படும் ஏழு சென்டிமீட்டர் நாணல் பட்டை எப்படித் துடிக்கிறது, அதைத் துடிக்கவிட என்ன வாங்க வேண்டும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும், எவ்வளவு காலம் ஆகும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1. சுரத்தைத் தீர்மானிப்பது ரீடு என்ற எண்ணத்தை விடுங்கள்

செலவு இல்லை, பத்து நிமிடம் போதும். ஆனால் இதைத் தாண்டிப் போனால் பின்னால் வரும் எல்லாப் படிகளிலும் பணம் போகும்.

பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியவர்களும், தோட்டப்புறத்தில் பப்பாளி இலைக் காம்பைக் கீறி ஊதியவர்களும் ஒரு தவறான பாடத்தோடுதான் கிளாரினெட்டுக்கு வந்து சேருகிறார்கள். பீப்பீயில் இலை எப்படியோ குரலும் அப்படி. கிளாரினெட்டிலும் ரீடு தன் விருப்பப்படி துடிக்கிறது, கீழே உள்ள கறுப்புக் குழாய் அதைப் பெரிதாக்கி வெளியே அனுப்புகிறது என்றே நானும் இரண்டு மாதம் நம்பினேன். அதனால் ஒலி கெட்டபோதெல்லாம் ரீடைத் திட்டினேன். திட்டி ஓய்ந்ததும் கடைக்குப் போய்ப் புதிய ரீடு வாங்கினேன்.

எங்கள் குடியிருப்பின் நுழைவாயிலில் ஒரு தடுப்புக் கட்டை இருக்கிறது. அது எப்போது உயர வேண்டும் என்பதைக் கட்டை தீர்மானிப்பதில்லை. அட்டையைக் காட்டும் வண்டி தீர்மானிக்கிறது. ரீடும் அப்படி ஒரு கட்டைதான். ரீடின் நுனிக்கும், அது கட்டப்படும் வாய்ப்பகுதியான மவுத்பீஸின் நுனிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. நீங்கள் ஊதும்போது வாய்க்குள் அழுத்தம் கூடுகிறது, மவுத்பீஸுக்குள் குறைவாக இருக்கிறது. இந்த வேறுபாடு ரீடை உள்நோக்கித் தள்ளி அந்த இடைவெளியை மூடப் பார்க்கிறது. அதாவது, ஊத ஊதக் கதவு திறக்கும் என்று எண்ணி வந்தவருக்கு, ஊத ஊதச் சாத்திக்கொள்ளும் கதவு ஒன்று கிடைத்திருக்கிறது.

அந்தக் கதவைத் திறக்கச் செய்வது, குழாய்க்குள் போய்த் திரும்பும் அழுத்த அலை. ரீடின் வழியே நுழைந்த ஒரு சிறு காற்றுத் துடிப்பு குழாயின் மறுமுனை வரை, அதாவது திறந்திருக்கும் முதல் துளை வரை, ஓடுகிறது. அங்கே வெளிக்காற்றில் மோதித் தலைகீழாக மாறி, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, ரீடை மூடுகிறது. பிறகு அதே உறிஞ்சல் மீண்டும் கீழே ஓடி, மறுபடியும் தலைகீழாகி, இம்முறை தள்ளும் அலையாக வந்து ரீடைத் திறக்கிறது. அந்த நொடியில் உங்கள் மூச்சிலிருந்து அடுத்த துடிப்பு உள்ளே நுழைகிறது. ஆக, ஒரு முறை திறந்து மூடுவதற்குள் அலை குழாயின் நீளத்தை நான்கு முறை கடந்துவிடுகிறது. எல்லாத் துளைகளையும் மூடி அடிமட்டச் சுரத்தை ஊதினால் இந்தப் பயணம் வினாடிக்கு ஏறத்தாழ 147 முறை நடக்கிறது; துளைகளைத் திறக்கத் திறக்கக் குழாய் குட்டையாகி, பயணம் சுருங்கி, சுரம் ஏறுகிறது. மேற்கத்தியப் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஏறக்குறைய ஒரே நீளந்தான். ஆனாலும் கிளாரினெட் ஒரு ஸ்தாயி அளவுக்குக் கீழே இறங்குவதற்குக் காரணம் இந்த நான்கு நடைதான். இருபுறமும் திறந்த புல்லாங்குழலில் அலைக்கு இரண்டு நடையே போதும்.

இந்தக் கணக்கை என் மாஸ்டர், பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கும் முதியவர், நாகசுரத்தின் ரீடான சீவாளியோடு ஒப்பிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டார். "சீவாளிக்கு ரெண்டு நாக்கு, இதுக்கு ஒத்த நாக்கு. நீங்க அதுக்கும் சேத்துப் பேசாதீங்க தம்பி, ஊதுங்க."

2. ரீடு வாங்குங்கள், ஆனால் எண்ணைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்

ரீடுப் பெட்டியில் 1½, 2, 2½, 3 என்று எண் இருக்கும். கைப்பேசி வாங்கிப் பழகிய புத்தி, பெரிய எண் என்றால் மேலான பொருள் என்று சொல்லும். நான் 3½ வாங்கினேன். மூன்று நாள் ஊதியும் காற்றுச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் வரவில்லை; நான்காம் நாள் காதில் ரீங்காரம் வந்தது, அதுவும் என் காதுக்குள்ளிருந்து வந்தது.

எண் தரத்தைக் குறிப்பதன்று, தடிப்பையும் குறிப்பதன்று. ஒரே வகையைச் சேர்ந்த எல்லா ரீடுகளும் ஒரே வடிவத்தில்தான் சீவப்படுகின்றன. சீவிய பின் ஒவ்வொன்றும் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளந்து எண் இடுகிறார்கள். விறைப்புக் கூடினால் அதை அசைக்க அதிக அழுத்தம் தேவை. புதியவருக்கு 2 அல்லது 2½ போதும். ஒரு நிறுவனத்தின் 2½ இன்னொரு நிறுவனத்தின் 2½க்குச் சமமாக இருக்காது என்பதால், தொடக்கத்தில் ஒரே நிறுவனத்தோடு நில்லுங்கள்.

மிக மென்மையான ரீடும் உதவாது. அதை வைத்துக்கொண்டு பலமாக ஊதினால் கதவு ஒரேயடியாகச் சாத்திக்கொள்ளும். ஒலி பாதியில் அறுந்துபோகும். முகம் மட்டும் சிவந்துகொண்டே இருக்கும்.

விலை கடைக்குக் கடை மாறும். நான் உதிரியாக வாங்கியபோது ஒன்று 14 வெள்ளி. பத்து கொண்ட பெட்டி 125 வெள்ளி. முதல் முறை பெட்டியாக வாங்க வேண்டாம். உதிரியாக விற்கும் கடையைத் தேடி, 2 இல் இரண்டும் 2½ இல் இரண்டும் வாங்குங்கள். நாணல் என்பது இயற்கைப் பொருள். தென் பிரான்சின் வார் பகுதியில் விளைந்ததானாலும் ஒரே பெட்டியில் சில நன்றாகப் பேசும், சில ஊமையாக இருக்கும். லெஜேர் போன்ற செயற்கை ரீடுகளும் உண்டு. நனைக்கத் தேவையில்லை, நெடுநாள் உழைக்கும். ஆனால் ஒன்றின் விலைக்கு நாணல் ரீடு ஒரு பெட்டியே வாங்கிவிடலாம் என்பதால், எந்த விறைப்பு உங்களுக்குப் பொருந்தும் என்று தெரியும் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கண்ணி ஒன்று: பெட்டியில் 'பி-பிளாட் கிளாரினெட்' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். எனக்கு ஒரு கடையில் ஆல்டோ சாக்ஸபோன் ரீடைக் கொடுத்துவிட்டார்கள். அது சற்று அகலம். மவுத்பீஸின் இரு விளிம்பையும் தாண்டிக் காது போல நீட்டிக்கொண்டிருந்தது. இதுதான் புதிய வடிவமைப்பு போலும் என்று ஒரு வாரம் மரியாதையோடு ஊதினேன். பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

3. தாள்களை ஒரு கோப்பில் சேருங்கள்

ஒரு நாணல் பட்டையைத் துடிக்க வைக்க எந்த அலுவலகமும் விண்ணப்பப் படிவம் கேட்காது. ஆனாலும் சில தாள்கள் கையில் இருப்பது நல்லது.

முதலாவது ரசீது. பிரிக்காத பெட்டியை மாற்றித்தரும் கடைகூட ரசீது இல்லாமல் பேசாது. வெளிநாட்டு இணையக் கடையில் வாங்குவதாக இருந்தால், 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 1 ஜனவரி 2024 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. தபால் செலவையும் கூட்டிப் பார்த்தால், உள்ளூர் விலையைவிட மலிவாகத் தெரிந்தது பெரும்பாலும் மலிவாக இராது. வந்து சேர இரண்டு மூன்று வாரமும் ஆகும். அதற்குள் கையில் உள்ள கடைசி ரீடு பிளந்திருக்கும்.

இரண்டாவது, கருவி பள்ளிக்குச் சொந்தமானால் இரவல் கடிதம். அதில் மவுத்பீஸின் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நுனியில் மயிரளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் ரீடு அங்கே சரியாகப் படியாது. பழி உங்கள் பிள்ளையின் வாய்மேல் விழும்.

மூன்றாவது, குடியிருப்பின் வீட்டு விதிகள். இங்கே அடுக்குமாடிகளை ஆளும் 2013 ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015 இல் வந்த விதிமுறைகளில், அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக் கூடாது என்பதும் தொல்லை தரும் பிராணிகளை வைத்திருக்கக் கூடாது என்பதும் இருக்கின்றன. நான் முதலாவதின் கீழ் வர வேண்டியவன். இரண்டாவதின் கீழ் வந்தேன். தொடங்குவதற்கு முன்பே நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுங்கள்: என்ன கருவி, எந்த அறை, எந்த நேரம். நான் பிறகு எழுதிய கடிதத்தில் மாலை 6 முதல் 6.40 வரை என்று குறிப்பிட்டு, கருவியின் படத்தையும் இணைத்தேன். விசாரிக்க வந்த அதிகாரி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பால்கனிக் கதவின் பின்புறமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

நான்காவது, ரீடுகளின் பிறப்புப் பத்திரம். வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு ரீடின் அடிப்பகுதியிலும் பென்சிலால் ஓர் எண்ணும் தேதியும் எழுதுங்கள். பேனா வேண்டாம்; மை வாய்க்குள் போகும். எது எப்போது பிறந்தது என்று தெரியாவிட்டால், செத்த ரீடை வைத்துக்கொண்டு உங்கள் திறமையைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

4. நனைத்து, நேராகக் கட்டுங்கள்

நேரம்: மூன்று நிமிடம். காய்ந்த ரீடு அலைபோல நெளிந்திருக்கும். அது மவுத்பீஸின் மேல் ஒட்டி மூடாது, ஆகவே துடிக்காது. வாயில் வைத்தோ சுத்தமான நீரிலோ ஒன்றிரண்டு நிமிடம் நனைத்தால் நுனி நேராகிவிடும். இரவு முழுவதும் கோப்பை நீரில் ஊறப்போட வேண்டாம். நான் போட்டேன், காலையில் அது ஊறிய அப்பளம் போல ஆகியிருந்தது.

தட்டையான பக்கம் மவுத்பீஸின் மீது படிய வேண்டும், சீவிய பக்கம் வெளியே. இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: நான் இரண்டு நாள் மாற்றிக் கட்டியிருந்தேன். ரீடின் நுனியை முன்புறமிருந்து பார்த்தால் மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை அளவே தெரிய வேண்டும். ரீடை இறுக்கிப் பிடிக்கும் வளையமான லிகேச்சரை ரீடின் அடிப்பாதியில் மாட்டி, நகராத அளவுக்கு மட்டும் திருகுங்கள். தண்ணீர்க் குழாயை அடைப்பது போலத் திருகினால் பட்டை நசுங்கித் துடிப்பு மந்தமாகும். நுனியின் கனம் ஒரு தாளின் கனந்தான். சட்டைக் கை பட்டாலும் பிளக்கும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. ரொட்டி சானாயும் தே தாரிக்குமாகப் பசியாறிவிட்டு நேரே ஊத உட்காராதீர்கள். சர்க்கரையும் பாலும் எண்ணெயும் ரீடின் நுனியில் படிந்து உலர்ந்து, அதைக் கனமாக்கி, ஒட்டிக்கொள்ளும்படி செய்துவிடும். வாயைக் கொப்பளியுங்கள், முடிந்தால் பல் துலக்குங்கள்.

5. முதலில் மவுத்பீஸை மட்டும் ஊதுங்கள்

ஒரு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம். குழாயை மாட்டாதீர்கள்.

கீழுதட்டை எங்கே வைப்பது என்பதைத்தான் எல்லாரும் ஊகித்துத் தவறு செய்கிறார்கள். எண்ணெய் நிலைய ரசீது போன்ற மெல்லிய தாள் ஒன்றை எடுத்து, ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் இடையே நுனியிலிருந்து மெதுவாகச் செருகுங்கள். ஓர் இடத்தில் அது மேற்கொண்டு போகாமல் நின்றுவிடும். ரீடு மவுத்பீஸை விட்டு விலகத் தொடங்கும் இடம் அதுதான். அந்த இடத்துக்கு நேரே ரீடின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். கீழ்ப்பற்களின் மேல் மடித்த உதடு அந்தக் கோட்டின் மேல் அமர வேண்டும். அதற்கு மேலே, நுனிப் பக்கம், உதடு ஏறினால் துடிக்க இடமில்லாமல் ரீடு மூச்சுத்திணறும்; கோட்டைத் தாண்டி மவுத்பீஸை வாய்க்குள் விழுங்கினால் ரீடு கட்டுக்கடங்காமல் கீச்சிடும். எனக்கு அந்தக் கோடு நுனியிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரில் வந்தது. ஆறு வாரமாக நான் அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே கடித்துக்கொண்டிருந்தேன்.

மேற்பற்கள் மவுத்பீஸின் முதுகில் படியலாம். கன்னம் ஊதக் கூடாது. கடிக்கக் கூடாது. கடித்தால் ஒலி வரும் என்று தோன்றுவது உண்மைதான், ஏனெனில் இடைவெளி குறைகிறது. ஆனால் ரீடின் பாதி உயிர் அங்கேயே போய்விடும், உள் உதட்டில் புண்ணும் வரும்.

எவ்வளவு பலமாக ஊத வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்றரை லிட்டர் போத்தலை முக்கால்வாசிக்கு மேல் நீரால் நிரப்பி, மீன்தொட்டிக்குப் பயன்படும் மெல்லிய காற்றுக் குழாயை அடிவரை விட்டு, குமிழி தொடர்ந்து வரும்படி ஊதிப் பாருங்கள். 25 முதல் 30 சென்டிமீட்டர் நீரைத் தள்ளும் அந்த அழுத்தந்தான் ரீடைத் தளராமல் துடிக்க வைப்பதற்குத் தேவையான அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். குழாயின் விலை 2 வெள்ளி. மெல்ல ஊதினால் எதுவும் வராது. ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டிய கணத்தில் ரீடு திடீரென்று உயிர்பெறும். அந்த வாசலைத் தாண்டாமல் வெளியே நின்று தயங்கும் மூச்சுதான் புதியவர்களின் 'புஸ்' சத்தம்.

ஒலி வந்ததும் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். மவுத்பீஸை மட்டும் ஊதும்போது காதைத் துளைக்கும் ஓர் உச்சக் குரல் வரும். பேரல் எனும் குட்டைக் குழாய்த் துண்டை மாட்டி அதே ரீடை, அதே உதட்டோடு ஊதினால் குரல் இறங்கும். மேல் குழாயை மாட்டி, துளைகளை மூடி ஊதினால் இன்னும் இறங்கும். ரீடு மாறவில்லை, வாய் மாறவில்லை. அலை நடக்கும் தூரம் மட்டுமே நீண்டிருக்கிறது. முதல் படியில் சொன்னதை நான் நம்பியது இந்தச் சோதனைக்குப் பிறகுதான்.

6. கீச்சுச் சத்தத்தை விசாரியுங்கள்

என் வீட்டில் பறவை இருப்பதாகப் புகார் வரக் காரணமான ஒலி இது. ரீடுக்கும் சொந்தமாக ஒரு குரல் உண்டு. அது வினாடிக்கு இரண்டாயிரம் முறைக்கும் மேலான, மிக உயர்ந்த குரல். வழக்கமாகக் குழாயின் அலை அதை அடக்கி வைத்திருக்கிறது, கீழுதட்டின் ஈரச் சதையும் ஒரு மெத்தைபோல அதை அமுக்கி வைத்திருக்கிறது. இந்த இரண்டில் ஒன்று தளர்ந்த நொடியில் ரீடு, வீட்டில் பெரியவர்கள் இல்லாதபோது பிள்ளைகள் போல, தன் சொந்தக் குரலை எடுத்துவிடும். அல்லது குழாயின் உயர்ந்த சுரங்களில் ஏதாவது ஒன்றில் தாவி ஏறிக்கொள்ளும்.

ரீடை மாற்றும் முன் வரிசையாகப் பாருங்கள். விரல் துளையை முழுக்க மூடுகிறதா? என் கீச்சுகளில் பெரும்பாலானவை வலக்கை மோதிர விரல் கால்வாசி விலகியதால் வந்தவை. அலை திரும்ப வேண்டிய இடத்தைப் பற்றி அதற்குக் குழப்பம் வந்துவிடுகிறது. பிறகு உதடு கோட்டில் இருக்கிறதா? ரீடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? நுனியில் பிளவு உண்டா, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் புதிய ரீடு. இந்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றியதால் எனக்கு 150 வெள்ளி நட்டம்.

7. கட்டைவிரல் சாவியை அழுத்தினால் என்ன வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புல்லாங்குழலோ நாகசுரமோ தெரிந்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அந்தக் கருவிகளில் ஒரே விரலமைப்பில் மேலே தாவினால், கீழ் ஷட்ஜம் மேல் ஸ்தாயி ஷட்ஜமாகும். கிளாரினெட்டில் இடக்கைக் கட்டைவிரல் பக்கமுள்ள ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால், ஷட்ஜம் மேல் ஸ்தாயிப் பஞ்சமமாகிவிடும். ஒரு முனை ரீடால் மூடப்பட்ட நேர் உருளைக் குழாய்க்கு ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை மடங்குகளே பிடிக்கும்; இரண்டாம் மடங்கான மேல் ஷட்ஜத்தை அது தாண்டிக் குதித்து, மூன்றாம் மடங்கில் போய் நிற்கிறது. நாகசுரம் கீழே விரிந்துகொண்டே போவதால் அதற்கு இந்த வீம்பு இல்லை. ஆகவே மேல் ஸ்தாயிக்கு வேறு விரலமைப்பைப் பாடம் செய்தாக வேண்டும். ரீடின் மேல் புகார் எழுத இதில் இடமில்லை.

8. ஏர்கோன் அறையில் சுருதி இறங்கினால் பதற வேண்டாம்

முதலில் ஒரு சின்னக் குழப்பம். தாளில் 'சி' என்று எழுதியிருப்பதை வாசித்தால், கைப்பேசியின் ட்யூனர் செயலி 'பி-பிளாட்' என்று காட்டும்; நம் சுருதிக் கணக்கில் ஒரு கட்டைக்குப் பதிலாக ஆறரைக் கட்டை. பி-பிளாட் கிளாரினெட்டின் இயல்பு அது. நான் இதை ரீடின் கோளாறு என்று எண்ணி அன்றே இரண்டு ரீடு வாங்கினேன்.

அடுத்தது வெப்பம். காற்று சூடாக இருந்தால் அலை வேகமாக ஓடும், சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். 32 பாகையில் இருக்கும் நம் வரவேற்பறைக்கும், 22 பாகையில் உறைந்து கிடக்கும் வகுப்பறைக்கும் இடையே கணக்குப்படி அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வேறுபாடு வரலாம். ஊதும் மூச்சே உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்குவதால் நடைமுறையில் அது சற்றுக் குறையும். குளிர் அறையில் ஐந்து நிமிடம் ஒலியெழுப்பாமல் வெதுவெதுப்பான மூச்சைக் குழாய்க்குள் விட்டுவிட்டு, பிறகு சுருதி பாருங்கள். ஏறியிருந்தால் பேரல் துண்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுங்கள். இறங்கியிருந்தால் இழுத்த பேரலை உள்ளே தள்ளலாம். முழுக்கத் தள்ளியும் போதாவிட்டால் சூடாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. கீழுதட்டால் கடித்துச் சுருதி ஏற்றுவது வேலை செய்யும், அதனால்தான் கெட்ட பழக்கமாகிறது.

9. காலமும் மாதச் செலவும்

புதிய ரீடை முதல் நாளே அரை மணி நேரம் ஊதாதீர்கள். முதல் நாள் ஐந்து நிமிடம், மறுநாள் பத்து, ஒரு வாரத்தில் இருபது. நான்கு ரீடுகளை முறை வைத்து மாற்றி மாற்றி ஊதினால், நாளுக்கு அரை மணி நேரப் பயிற்சியில் என் நான்கும் இரண்டு மாதம் வரை தாங்குகின்றன. பெட்டி விலைக்குக் கணக்கிட்டால் மாதம் 25 வெள்ளி. வகுப்புக்கு நான் கொடுப்பது 40 நிமிடத்துக்கு 70 வெள்ளி. முதல் தெளிவான சுரத்துக்கு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள்; எனக்கான பதினொன்றை யாரும் பின்பற்ற வேண்டாம்.

ஊதி முடித்ததும் ரீடைக் கழற்றி, அடியிலிருந்து நுனியை நோக்கிப் பெருவிரலால் துடைத்து, தட்டையான ரீடுப் பெட்டியில் வையுங்கள்; 20 வெள்ளிக்குள் கிடைக்கும். மவுத்பீஸிலேயே விட்டுவிட்டால் நம் ஊர் ஈரத்தில் சில நாள்களில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவைத்தால் நெளிந்துபோகும். நான் ஒருமுறை பால்கனியில் அம்மா மோர்மிளகாய் உலர்த்தியிருந்த தட்டின் ஓரத்தில் ஒரு ரீடை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தட்டு உள்ளே போயிருந்தது, ரீடைக் காணவில்லை. பூசையறையில் குத்துவிளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார் அம்மா; கையில் என் 14 வெள்ளி. நுனி கருகியிருந்தது. "ஐஸ்கிரீம் குச்சின்னு நெனச்சேன்பா, நல்லா வழவழன்னு இருந்துச்சு" என்றார்.

ரீடு செத்துவிட்டது என்பதற்கு அடையாளங்கள்: எவ்வளவு ஊதினாலும் குரல் தட்டையாக, தாளைக் கிழிப்பது போல வரும், மேல் சுரங்கள் சுருதியில் நிற்காமல் சரியும், நுனி பழுத்த இலை போல நிறம் மாறியிருக்கும். தேதியைப் பாருங்கள், வருந்தாமல் எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஓய்வு பெற்றவை எல்லாம் பூசையறைக்குப் போய்விடுகின்றன. 3, 4, 7 எண்கள் திரிதூண்டிகளாக இருக்கின்றன. எண் 9 இன்னும் ஊதும் நிலையில்தான் இருந்தது; எப்படி அங்கே போனது என்று தெரியவில்லை, திரும்பக் கேட்கவும் எனக்குத் துணிவில்லை.